எகிறும் கோடு

கண்காட்சிக்குப் படம் கொடுக்க ஒரு மணி நேரமே இருந்தது. உருவங்களை முறுக்கிக் கோணலாக வரைவதில் பேர்போன ஓவியருக்கு, கர்ப்பிணியின் வயிற்றுக் கோடு மட்டும் வழவழவென்று வர வேண்டும். அதுவோ ஒவ்வொரு முறையும் எகிறியது. ஆறு தாளைக் கிழித்தாயிற்று, மிச்சம் ஒன்றுதான்.

“அசையாம உக்காரும்மா! உயிரை வாங்காத.”

“மூச்சுகூட விடலக்கா,” என்றாள் மாடல் பெண்.

“அப்போ உன் புள்ள உதைக்குது!”

“அது காலையிலேர்ந்து தூங்குதுக்கா.”

கடைசித் தாளிலும் கோடு எகிறியது. ஓவியர் கரித்துண்டை வீசி எறிந்தார். “அப்புறம் எப்படிடி கோணுது?”

“கோவிச்சுக்காதீங்கக்கா. ஒன்பது மாச வயித்து மேல பலகையைச் சாய்ச்சு வரைஞ்சா, உங்க புள்ள சும்மா இருக்குமா?”

வேறு தாள் இல்லை. ஓவியர் அதிலேயே கையெழுத்துப் போட்டார். அதுவும் எகிறியது.