இருபது ஆசீர்வாதம்

லாரிச் சக்கரம் ஏறிக் கூழாகிப்போன கணுக்காலுக்குப் பதிலாக டாக்டர்கள் ஆவுடையப்பனுக்குப் புதிதாக ஒன்று செய்து வைத்திருந்தார்கள். ரொம்பக் கடமையுணர்ச்சி உள்ள கணுக்கால். யார் கைபட்டாலும் பயிற்சி நேரம் வந்துவிட்டதென்று நினைத்து, பாதத்தை இருபது முறை ஆட்டிவிட்டுத்தான் ஓயும். மகள் கல்யாணத்துக்கு முன்னால் விபத்து என்றால் அபசகுனம் என்பார்களே என்று சம்பந்தி வீட்டில் அவர் மூச்சுவிடவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் மகளும் மாப்பிள்ளையும் அவர் காலில் விழுந்தார்கள். மாப்பிள்ளை பக்தியோடு கணுக்காலையே பிடித்தார்.

பாதம் எழும்பி மாப்பிள்ளையின் நெற்றியில் 'பட்' என்று அடித்தது. மறுபடி 'பட்'. மேளம் நின்றது.

"என்ன அண்ணாச்சி, எம் மவனை உதைக்கீய?" என்று சம்பந்தி சங்கரபாண்டியன் பாய்ந்து வந்தார்.

ஆவுடையப்பன் அவசரமாகச் சமாளித்தார். "உதைக்கலை அண்ணாச்சி! எங்க குடும்பத்து ஆசீர்வாதம்லா இது. மொத்தம் இருபது."

மாப்பிள்ளை அசையாமல் இருபதையும் வாங்கிக்கொண்டார்.

"அப்போ நாங்க மட்டும் குறைச்சலா? எங்க வீட்டுல இருபத்தொண்ணு!" என்று சங்கரபாண்டியன் வேட்டியை மடித்துக் கட்டி, ஒற்றைக்காலில் நின்று மறுகாலால் மகன் நெற்றியில் தட்டத் தொடங்கினார். பத்தொன்பது வரை நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் சிந்திக் கிடந்த அட்சதை வழுக்கி, கணுக்கால் 'மளுக்' என்றது.

அலறிய சம்பந்தியின் காதருகே ஆவுடையப்பன் குனிந்தார். "பயப்படாதீய அண்ணாச்சி. எனக்குப் பண்ணின டாக்டர்ட்டயே கூட்டிட்டுப் போறேன். இனிமே மாப்பிள்ளைதான் ஹெல்மெட் போட்டுட்டு நம்ம கால்ல விழணும்."