ஒட்டாத ரப்பர்

"உங்க ஊட்ல எலி இருக்குதாங்க்கா?" என்று கேட்டான் பிராங்ளின்.

குன்னூர் பஜாரில் செல்போனும் கேமராவும் ரிப்பேர் பார்க்கிறவன். அவன் கையில் இருந்த கேமராவின் வலது பக்கக் கைப்பிடி ரப்பர், பாதி உரித்த வாழைப்பழத் தோல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"எலியா? எதுக்குக் கேக்கறே?" ஃபெபி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"பின்னே என்னங்க்கா. பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டுல தொடச்சு, நல்ல டேப்பாப் போட்டுக் குடுத்தேன். ரெண்டு வாட்டி. இது பனிக்கு ஊறி வந்த மாதிரி இல்லை. யாரோ நகத்தை உட்டு நெம்பியிருக்காங்க. தம்பி வேலையா?"

"இவனுக்கு எட்டாது. பீரோ மேலே வெச்சிருக்கேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பீரோ மேலே கை எட்டுகிற ஆள் அவளை விட்டால் வீட்டில் ஒருவர்தான். மாமனார் தங்கையா.

அந்தக் கேமரா அவள் கணவன் அருள்ராஜுடையது. கல்யாணம், காதுகுத்து, ஸ்கூல் ஆண்டு விழா என்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மலை முழுக்கச் சுற்றியவன். ஃபெபி மாசமாக இருந்தபோது மஸ்கட்டுக்குக் கேண்டீன் வேலைக்குப் போனான். இப்போது பிள்ளைக்கு நடை வந்துவிட்டது. அப்பாவைப் போனில்தான் தெரியும். வீடு நிறையப் பிள்ளையின் போட்டோ. அவன் எடுத்தது ஒன்றுகூட இல்லை.

லீவில் வருகிறானா, இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டு வருகிறானா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்வதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் கேமராவைப் புதுசு மாதிரி ஆக்கி, வீடியோவில் காட்டிவிட வேண்டும். பார்த்ததும் அவனுக்குக் கை துறுதுறுக்க வேண்டும். பையனை இதில் ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று பதைக்க வேண்டும். வாயைத் திறந்து 'வாங்க' என்று கேட்கப் பயந்தவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

பிராங்ளின் மறுபடியும் ஒட்டி, மேலே இறுக்கிக் கட்டிக் கொடுத்தான். "ஒரு நாளைக்கு அவுக்காதீங்க்கா. எலிகிட்டயும் சொல்லி வைங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமனார் கண் முதலில் கேமராவுக்குத்தான் போனது.

"மறுபடியும் ஒட்டிட்டு வந்துட்டியா?"

"ஆமாங்க மாமா. இந்தத் தடவை வராதாம்."

"அந்தப் பையனுக்கு வேற பொழப்பே இல்லை. சும்மா கெடக்கற கேமராவுக்கு ஒட்டு என்னத்துக்கு? கெடக்கட்டும் உடு."

கெடக்கட்டுமாம். பெற்ற பிள்ளையின் சாமான்மேல் இவ்வளவு வெறுப்பா? மகன் ஃபாரினில் இருக்கிறான் என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லித் திரிய வேண்டும் இவருக்கு. அவன் வந்துவிட்டால் அந்தப் பெருமை போய்விடுமே. ஃபெபி கேமராவைப் பீரோ மேலே வைத்தாள். இந்த முறை இன்னும் உள்ளே தள்ளி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிள்ளை இருமிக்கொண்டே இருந்தான். பிரசங்கம் முடியுமுன்பே எழுந்து வந்துவிட்டாள்.

கதவு திறந்துதான் கிடந்தது. ஜன்னலோரம் கட்டிலில் மாமனார். மூக்குக் கண்ணாடி, மடியில் கேமரா. கட்டைவிரல் நகத்தால் ரப்பரின் ஓரத்தை நெம்பிக்கொண்டிருந்தார். கிழிந்துவிடாமல், அவ்வளவு பதமாக.

"மாமா."

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. தலையிலிருந்த குரங்குக் குல்லாவை உருவிக் கேமரா மேல் போட்டார். குல்லாவின் முகத் துவாரம் வழியாக லென்ஸ் எட்டிப் பார்த்தது.

"அவர் வரவே கூடாதுன்னு நினைக்கறீங்களா மாமா?"

இதுவரை அவரிடம் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

அவர் நகத்தில் ஒட்டியிருந்த பசையை உருட்டி எடுத்தார்.

"சமையக்கட்டு ஒழுகுது, வந்து தகரம் மாத்தறேன்னு சொன்னான். நீ ஆளு வெச்சு மாத்திப்போட்டே. வரலை. வேலியைக் காட்டெருமை முட்டிப்போட்டுது. கிறிஸ்மஸுக்கு வந்து கட்டறேன்னான். அதையும் நீயே கட்டிப்போட்டே. வரலை. 'ஃபெபிதான் எல்லாத்தையும் பாத்துக்கறாளே, நான் வந்து என்னப்பா பண்ணப் போறேன்'னு எங்கிட்டயே சிரிக்கறான்."

ஃபெபி குழந்தையைக் கட்டிலில் இறக்கி விட்டாள்.

"உன்னைக் குத்தம் சொல்லலை கண்ணு. கேமராவை மட்டும் யாரும் தொடாதீங்க, நானே வந்து ஒட்டிக்கறேன்னு போறப்ப எங்கிட்ட சொல்லிட்டுப் போனான். அவன் வந்து செய்யறதுக்குன்னு இந்த ஊட்ல மிச்சம் இருக்கறது இந்த ரப்பர் ஒண்ணுதான்."

போன் அடித்தது. திரையில் அருள்ராஜ். குழந்தை அதைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"என்ன ஃபெபி, எல்லாம் நல்லபடியா இருக்குதா? அங்க ஒண்ணும் அவசரம் இல்லைன்னா, நான் இன்னும் ஒரு வருஷத்துக்கு..."

அவள் போனைக் கட்டில்மேல் சாய்த்து வைத்தாள். குல்லாவை விலக்கிக் கேமராவை எடுத்தாள். ஓரம் மட்டும்தான் கிளம்பியிருந்தது. கட்டைவிரலை உள்ளே விட்டு, மிச்சத்தையும் ஒரே இழுப்பில் உரித்தாள். உரித்ததைப் போன் முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

"எங்க யாருக்குமே ஒட்ட வரலைங்க. நீங்க வாங்க."