முன்னாள் தீப்பந்தம்

ஒரு தோட்டத்தில் தீப்பந்த லில்லிச் செடி ஒன்று இருந்தது. அதன் நடுவில் நின்ற பூத்தண்டு, போன மாதம் வரை உச்சியில் சிவப்பும் அடியில் மஞ்சளுமாக ஜொலித்தது உண்மைதான். இப்போது காய்ந்து, தேய்ந்துபோன கக்கூஸ் பிரஷ் மாதிரி ஆகிவிட்டது. அதை அதனிடம் சொல்லத்தான் ஆளில்லை.

அடியிலிருந்து ஒரு மொட்டு கேட்டது: "தலைவரே, இருக்கிற சத்தையெல்லாம் நீங்களே எடுத்துக்கிட்டா நான் எப்ப மேல வர்றது?"

"பொறு தம்பி. நான் போயிட்டா இந்தச் செடியை எவன் திரும்பிப் பார்ப்பான்?"

அந்த நேரம் பார்த்து ஒரு தேன்சிட்டு வந்து காய்ந்த தண்டின் தலையில் உட்கார்ந்தது.

"பார்த்தியா? இன்னும் என்னைத் தேடித்தான் வர்றாங்க!"

தேன்சிட்டு உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டி, பக்கத்துச் செடியின் பூவில் தேன் குடித்தது. போகும்போது தண்டின் தலையிலேயே எச்சம் போட்டுவிட்டுப் பறந்தது.

"பொன்னாடை போர்த்திட்டுப் போறாங்க," என்றது தண்டு.

மறுநாள் தோட்டக் கத்தரிக்கோல் வந்து அதன் அடியைக் கவ்வியது. "வரேன் தம்பி, பெரிய இடத்துலேருந்து கூப்பிடுறாங்க," என்று மொட்டிடம் சொல்லிவிட்டுத் தண்டு சாய்ந்தது.

பெரிய இடம் என்பது மூலையில் இருந்த உரக்குழி. அங்கே போய் விழுந்ததும் தண்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் முன்னாள் தீப்பந்தம்," என்றது.

பக்கத்தில் கிடந்த வெங்காயத்தோல் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் தள்ளிப் படுங்க சார், முன்னாள் முட்டைக்கோஸ் வர்றார்."