ஒரே ஒரு நிபந்தனை

கல்யாணப் பேச்சை முடித்துவிடலாம் என்று மலையிலிருந்து இறங்கி, ஆயக்குடியில் தமயந்தி வீட்டுக்குக் குடும்பத்தோடு வந்திருந்த வேலுச்சாமி, ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கல்யாணத்துக்கப்புறம் நர்ஸ் வேலை வேணாங்க. எங்க வீட்டோட வந்து, பூண்டுக் காட்டைப் பாத்துக்கிட்டாப் போதும்."

"எம் புள்ள ஆன்லைன்ல நர்சிங் மேல்படிப்பும் படிக்குதுங்க," என்றாள் தமயந்தி. "டூட்டி முடிஞ்சு வந்து, நேரம் கெடைக்கிறப்பல்லாம் படிச்சு, பாதிக்கு மேல தாண்டிருச்சு."

"அதையும் நிப்பாட்டிரலாம். கண்டவங்க உடம்பைத் தொட்டுத் தொடைக்கிறது எங்களுக்குக் கேவலங்க."

காபி கொடுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எனக்குக் கேவலம் இல்லைங்க. வேலையையும் விட மாட்டேன், படிப்பையும் விட மாட்டேன். இதுக்குச் சம்மதம்னா மேற்கொண்டு பேசுங்க."

வேலுச்சாமி விருட்டென்று எழுந்தார். "கெளம்பு தாயி! ஆம்பளைக்கு எதுக்கு நர்ஸ் வேலை? மலையில வேற மாப்பிள்ளையா இல்ல?"

அவர் மகள் சுசித்ரா எழுந்திருக்கவில்லை. எதிரே காபித் தட்டோடு நின்ற தமயந்தியின் மகன் குகனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"உக்காருங்கப்பா. என்னைய டீச்சர் வேலையை விடச் சொன்ன ரெண்டு மாப்பிள்ளைகளை நான் வேணாம்னு சொன்னேன்ல? அதே நியாயம்தான் இவருக்கும். கட்டுனா இவரைத்தான் கட்டுவேன்."