விலக்கு வேண்டாத பாடம்

கோவை மேலாண்மைக் கல்லூரியில் நினைவைப் படிக்கும் இயந்திரத்தின் நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் செல்லக்கிளி. திருப்பூர் பனியன் கம்பெனியில் அவள் மேற்பார்வை பார்த்த இருபத்திரண்டு வருஷ நினைவையும் இயந்திரம் படித்து முடித்தது.

"ஆர்டர் எல்லாம் ரத்தான வருஷம் ஒருத்தியைக்கூட வேலையை விட்டு அனுப்பாம சமாளிச்சிருக்கீங்க!" கல்லூரி அதிகாரி வியந்துபோனார். "இந்த அனுபவத்துக்காகப் பத்துக் கட்டாயப் பாடத்துக்கும் விலக்கு. வகுப்புக்கே வர வேண்டாம். பட்டம் வீட்டுக்கு வந்துடும்."

அதே பாடங்களோடு ஒரு வருஷமாக அங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மகள் நறுமுகை துள்ளிக் குதித்தாள். செல்லக்கிளிக்கோ முகம் வாடிவிட்டது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள்.

"ஒண்ணுக்கு மட்டும் விலக்கு வேண்டாமுங்க. நான் வகுப்புல உட்காரோணும்."

"எந்தப் பாடம்?"

"இவ படிக்கிறது எதுவானாலும் சரிங்க."

திங்கட்கிழமை பேராசிரியர் பெயர் கூப்பிட்டதும் செல்லக்கிளி விறைப்பாக எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா!" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"யாருடி அது?" என்று நறுமுகையின் பக்கத்தில் இருந்தவள் கிசுகிசுத்தாள்.

"எங்கம்மா!" என்றாள் நறுமுகை, எல்லோருக்கும் கேட்கும்படி.