நெவிலுக்குப் பிடித்த இடம்

யாங்சோம் உள்ளங்கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள். படகில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மார்லீன் சாண்ட்விச் தட்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வாந்தி வருதா கண்ணு? கரையையே பாரு, சரியாயிடும்."

வாந்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. நல்ல பசி. பூடானில் யாராவது சாப்பிடக் கொடுத்தால், வாயைப் பொத்தி இரண்டு தடவை மறுக்க வேண்டும். மூன்றாம் தடவை வற்புறுத்தும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குப் படிக்க வந்து இரண்டு வருஷம் ஆகியும் அவள் கை தானாக வாய்க்குப் போய்விடுகிறது. இந்த ஊரிலோ யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

நாளைக்கு ஊருக்கு விமானம். திம்புவில் பஸ் ஓட்டும் அவளுடைய அப்பா, பஸ்ஸைவிடப் பெரிய பிராணி உலகத்தில் உண்டு என்பதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "முதல்ல படத்தைக் காட்டு, அப்புறம் பேசு" என்று போனில் சொல்லிவிட்டார். படிப்புக்கும் ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலைக்கும் நடுவே தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த திமிங்கிலம் பார்க்கும் படகுப் பயணத்தை இன்றைக்கு விட்டால் பிறகு கிடையாது. திம்புவில் கடல் இல்லை.

அதனால்தான் அரைமணி முன்னதாகவே பிரீமாண்டில் படகுத்துறைக்கு வந்துவிட்டாள். ஒரே முதலாளியின் இரண்டு வெள்ளைப் படகுகள் அடுத்தடுத்து நின்றன. பெயர் கேட்டு ஏற்றும் பெண் அன்று வேலைக்கு வரவில்லை. யாங்சோம் ஒரு படகின் முன்னால் போய் நின்றாள். பிறகு வந்தவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். வரிசை என்று ஒன்றைக் கண்டால் இந்த ஊர்க்காரர்களுக்கு அது போதும்.

ஒன்றரை மணி நேரம் போனதும் படகோட்டி டாரல் இன்ஜினை நிறுத்தினார். யாங்சோம் அவசரமாகச் செல்போனை எடுத்தாள். டாரல் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒரு பச்சைத் தகர டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நெவிலுக்குப் பிடிச்ச இடம் இதுதான்னு, நேத்து இந்த டப்பாவோட நீங்க குடுத்தனுப்பின சீட்டுல எழுதியிருக்கு. யாரும் கறுப்புத் துணி போடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாராம். நீங்க எல்லாரும் பூப்போட்ட சட்டையில வந்திருக்கீங்க, மனுஷர் சந்தோஷப்படுவாரு. சாம்பலைக் கரைக்கிறதுக்கு முன்னாடி யாராவது ரெண்டு வார்த்தை பேசுங்க."

யாங்சோம் செல்போனை மெல்லப் பைக்குள் போட்டாள். படகு மாறி ஏறிவிட்டாள்!

எதிர் வரிசையில் இருந்த கிரேக், கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். இத்தனை பேர் துக்கத்துக்கு நடுவே எழுந்து, நான் உங்கள் ஆள் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்லீன் யாங்சோமின் தோளைத் தொட்டாள்.

"அதான் வாயைப் பொத்திக்கிட்டு வந்தியா? அழுகையை அடக்காதே கண்ணு. நீயே ஆரம்பி."

படகில் இருந்த இருபது தலைகளும் அவள் பக்கம் திரும்பின. டாரல் டப்பாவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"நெவில்..." என்று எழுந்தாள். "நெவில் நல்லவர். அவருக்கு இந்த இடம்... பிடிக்கும்."

"ரொம்பப் பிடிக்கும்," என்றார் கிரேக். "அப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை."

"யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டாரு," என்றாள் மார்லீன். "என்னை ஒருநாளும் சொன்னதில்லை."

டப்பா கைமாறிக் கைமாறிப் போனது. ஆளுக்கொரு பிடி அள்ளிக் கடலில் தூவினார்கள். காற்று திரும்பி அடித்ததில் கிரேக்கின் மீசையில் கொஞ்சம் படிந்தது. மரியாதைக்காக அவர் அதைத் துடைக்கவில்லை.

அப்போதுதான் கால் மைல் தள்ளி, அந்த இன்னொரு வெள்ளைப் படகுக்குப் பக்கத்தில், ஒரு கறுப்பு மலை தண்ணீரைப் பிளந்துகொண்டு எழும்பி விழுந்தது. ஒரு பஸ் இல்லை, இரண்டு பஸ் இருக்கும். படகில் ஒருவரும் அசையவில்லை. கிரேக்கின் கை மட்டும் தொலைநோக்கிவரை போய்த் திரும்பி வந்தது.

சாம்பல் ஒட்டிய கையோடு எப்படிப் படம் எடுப்பது? யாங்சோமுக்கு நிஜமாகவே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மார்லீன் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அவர் உனக்கு என்ன உறவு கண்ணு?"

அதற்கு மேல் அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"அவர் யாருன்னே எனக்குத் தெரியாது. நான் திமிங்கிலம் பாக்க வந்தவ. தெரியாம இந்தப் படகுல ஏறிட்டேன். மன்னிச்சிடுங்க."

முதுகைத் தடவிக்கொண்டிருந்த மார்லீனின் கை நின்றது.

"நீயுமா?"

"நீங்களுமா?" என்று எழுந்தார் கிரேக். பின்வரிசையில் ஒருவர் மெல்லக் கையைத் தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் ஒரு தம்பதி. ஐந்தே நிமிஷத்தில், நெவிலைத் தெரிந்தவர் படகில் ஒருவர்கூட இல்லை என்று ஆகிவிட்டது.

டாரலின் வயர்லெஸ் கரகரத்தது. அந்த இன்னொரு படகின் ஓட்டி.

"டாரல், இங்க திமிங்கிலம் பக்கத்துலயே குதிக்குது, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டு எல்லாரும் அழுறாங்க. ஒரு அம்மா, என் வீட்டுக்காரர் எங்கேன்னு கேட்டு என்னைப் போட்டு உலுக்குறாங்க. நெவில்னு யாராவது உன் படகுல இருக்காரா?"

டாரல் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

"இப்பத்தான் இறங்கினாரு."