பிரேக் லைட் எரியவில்லை

"பிரேக்கை மிதிச்சா பின்னால லைட்டு எரியலைங்க. பொழுதுக்குள்ள பழனிக்கு எறங்கணும்" என்றான் சேனாதிபதி.

கொடைக்கானல் மெக்கானிக் மூக்கையா பானெட்டைத் திறந்தாலே பாதிக் கோளாறு பயந்து ஓடிவிடும். இதுவும் அப்படித்தான். பிரேக் சுவிட்சிலிருந்து ஒயரை யாரோ பிடுங்கி விட்டிருந்தார்கள். திரும்பச் செருகினால் தீர்ந்தது சோலி.

"பெரிய கோளாறு. சாமான் மதுரையில இருந்து வரணும். மூணு நாளாகும்" என்றார் கூசாமல்.

சேனாதிபதி உடனே காருக்குப் பின்னால் போனான். டிக்கியைத் திறந்து, துணிமணி அடைத்த பெட்டியை எடுத்தான்.

மூக்கையா வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏத்தா மாரியாயி! நீ கோவிச்சுக்கிட்டு வந்து ஒரு மாசமாச்சு. வெரசா ஒம் புருசனுக்குச் சோறு வை!"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாப்ளே, மொதல்ல கையைக் கழுவுங்க. ஒயரைப் பிடுங்குன மசி வெரல்லயே கெடக்கு."